நெடுஞ்சாலை வேகத்தில் கார் நடுங்குவது ஏன்? அதிர்வின் மூலத்தைக் கண்டறியும் முறை

நகரத் தெருக்களில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும் கார், நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் நடுங்கத் தொடங்குவதும், 90க்கும் 110க்கும் இடையில் அந்த நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வலுப்பதும், வேகம் அதற்கு மேல் கூடினால் ஓரளவு தணிவதும் கார் ஓட்டுவோர் பலரும் அறிந்தவை. இதற்குப் பரிகாரமாக முதலில் டயரையும், பலன் கிட்டாதபோது ஷாக் அப்சார்பரையும், அதன்பின் பிரேக் டிஸ்க்கையும் வரிசையாக மாற்றிப் பணத்தைச் செலவிடுவதும் அதே அளவு பரவலாக நடக்கிறது. ஆனால் இந்த அதிர்வு ஊகித்து மருந்து கொடுக்க வேண்டிய நோய் அன்று. காரில் சுழலும் ஒவ்வொரு பாகமும் ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று திட்டமாகச் சுழல்வதால், அந்தப் பாகத்தில் உள்ள குறை எழுப்பும் அதிர்வும் அந்த எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டே வருகிறது. ஆகவே அதிர்வை எண்ணத் தெரிந்தால், ஒரு திருகைக்கூடக் கழற்றும் முன்பே, குற்றவாளியாகக் கருத வேண்டிய பாகங்களின் பட்டியலை வெகுவாகச் சுருக்கிவிட முடியும்.

சுழற்சியின் கணக்கு

ஓர் அசைவு ஒரு நொடியில் எத்தனை முறை திரும்பத் திரும்ப நிகழ்கிறதோ அந்த எண்ணிக்கை அதிர்வெண் எனப்படும்; அதன் அலகு ஹெர்ட்ஸ். இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் உள்ள 185/65 ஆர்15 என்னும் அளவுள்ள டயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் 185 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இவற்றைக் கூட்டிக் கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 62 சென்டிமீட்டர் ஆகிறது. காரின் எடையால் டயர் சற்று அமுங்குவதையும் கருதினால், ஒரு முழுச் சுற்றில் சக்கரம் சுமார் 1.9 மீட்டர் தூரம் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர் ஆகையால், அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு 14 அல்லது 15 முறை சுழல்கிறது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணை ஏழால் வகுத்தால் இந்தச் சுழற்சி எண் தோராயமாகக் கிடைத்துவிடும் என்பதால், சிறிய காரில் 70இல் பத்து, 100இல் பதினான்கு என்று மனக்கணக்காகவே சொல்லலாம்.

எஞ்சினின் கணக்கு வேறு. நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருளை எரிப்பதால், ஒரு சுழற்சிக்கு இரண்டு எரிப்புகள் நிகழ்கின்றன. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் ஓடும்போது அதன் முதன்மைத் தண்டு நொடிக்கு 50 முறை சுழல, எரிப்புத் துடிப்புகள் நொடிக்கு 100 வருகின்றன. பதினைந்து ஹெர்ட்ஸ் அளவிலான அசைவைக் கை தனித்தனி உதறலாக உணர்கிறது. 50 ஹெர்ட்ஸைக் கடந்தால் அது சிலிர்ப்பாகவும், 100ஐ நெருங்கினால் காதுக்கு எட்டும் உறுமலாகவும் ஆகிவிடுகிறது. கருவி ஏதும் இல்லாமலே, வருவது உதறலா உறுமலா என்று கவனித்துச் சொல்வது நோயறிதலின் முதற்படி ஆவது இதனால்தான்.

சிறு எடையின் பெரு விசை

நெடுஞ்சாலை நடுக்கத்துக்கு மிகப் பரவலான காரணம் சக்கரத்தின் எடை அச்சைச் சுற்றிச் சமமாகப் பரவாதிருத்தல். வட்டத்தில் சுழலும் எந்தப் பொருளையும் மையத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க விசை தேவை. அந்த இழுப்புக்கு எதிராக அச்சின்மேல் வெளிநோக்கிச் செயல்படுவதையே மையவிலக்கு விசை என்று வழக்கில் குறிக்கின்றனர். எல்லாத் திசைகளிலும் எடை சமமாக இருந்தால் இந்த விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; ஓரிடத்தில் மட்டும் எடை மிகுந்திருந்தால் ஈடு செய்யப்படாத எச்சம் அச்சை உதறுகிறது. எச்சத்தின் அளவு மிகையான எடைக்கும், மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்துக்கும், சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. மையத்திலிருந்து 19 சென்டிமீட்டர் தள்ளி, ரிம்மின் விளிம்பருகே வெறும் 30 கிராம் எடை மிகுந்திருப்பதாகக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 48 நியூட்டன், அதாவது ஐந்து கிலோ எடையின் அளவுக்கு, அச்சை இழுக்கிறது. 50 கிலோமீட்டரில் இது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இந்த இழுப்பின் திசை மேல், முன், கீழ், பின் என்று நொடிக்குப் பதினான்கு முறைக்கு மேல் சுற்றி வருகிறது. நகரத்துக்குள் குறை வெளிப்படாமல் இருப்பதற்கு விளக்கம் இதிலேயே உள்ளது.

எனினும் விசை வேகத்தோடு கூடிக்கொண்டே போகையில், 110க்கு மேல் நடுக்கம் தணிவது ஏன் என்ற கேள்வி எஞ்சுகிறது. இதற்கு விடை ஒத்ததிர்வு என்னும் நிகழ்வில் இருக்கிறது. எடையும் சுருள்வில்லும் சேர்ந்த எந்த அமைப்புக்கும் தானாக ஆடும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் உதறல் அந்த எண்ணோடு பொருந்தும்போது அசைவு பன்மடங்கு பெருகுகிறது. துணி துவைக்கும் இயந்திரம் பிழிந்து முடித்து வேகம் குறையும்போது, ஒரு கட்டத்தில் மட்டும் முழு இயந்திரமும் தடதடவென்று ஆடி, அந்த வேகம் கடந்ததும் அடங்குவது இதே நிகழ்வுதான். காரில் சக்கரம், ஹப், பிரேக் ஆகியவற்றின் மொத்த எடை, கீழே டயரின் காற்றுக்கும் மேலே சஸ்பென்ஷன் சுருளுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. இந்தத் தொகுதியின் இயல்பதிர்வெண் பெரும்பாலான கார்களில் 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், சக்கரத்தின் சுழற்சி எண் நெடுஞ்சாலை வேகத்தில்தான் அதைத் தொடுகிறது. மனிதக் கையும் இதற்குத் துணைபோகிறது: கைக்கு எட்டும் அதிர்வை மதிப்பிடுவதற்கான ஐஎஸ்ஓ 5349 தரநிலை, 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கே மிக உயர்ந்த எடைமதிப்பை அளிக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பற்றிக்கொள்வது அவசியம். அதிர்வை உண்டாக்கும் பாகம் வேறு; அதைப் பெருக்கிக் கடத்தும் பாகம் வேறு. ஷாக் அப்சார்பரும், கட்டுப்பாட்டுக் கைகளில் உள்ள ரப்பர் புஷ்களும், பால் ஜாயிண்டுகளும் தாமாகச் சுழல்வதில்லை. எனவே சீரான இடைவெளியில் தொடர்ந்து வரும் உதறலை அவற்றால் தோற்றுவிக்க முடியாது. தேய்ந்துபோனால், அசைவை அடக்கும் திறனை இழந்து, முன்பு தெரியாதிருந்த சிறு உதறலைத் தெரியுமளவுக்கு வளரவிடுகின்றன. இவற்றை மாற்றியதும் நடுக்கம் பாதியாகக் குறைந்து, சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டுவது, மூலத்தை விட்டுவிட்டு வழியை மட்டும் அடைத்ததன் விளைவாகும்.

எங்கே உணரப்படுகிறது

அதிர்வு எங்கே உணரப்படுகிறது என்பதும் ஒரு சான்று. முன்சக்கரங்களின் உதறல் திசைமாற்றுத் தண்டுகள் வழியாக ஸ்டீயரிங்குக்கு ஏறுகிறது. பின்சக்கரங்களின் உதறல் பெரும்பாலும் இருக்கையிலும் தளத்திலும் தெரிகிறது. சமநிலைக் குறையிலும் இரு வகை உண்டு. மிகை எடை சக்கர அகலத்தின் நடுவே இருந்தால் சக்கரம் மேலும் கீழுமாகத் துள்ளும். இதை நிலைச் சமநிலைக் குறை என்பர். உட்புற விளிம்பில் ஓரிடத்திலும், அதற்கு நேர் எதிரே வெளிப்புற விளிம்பில் மற்றோரிடத்திலும் எடை மிகுந்திருந்தால், அசையாமல் தொங்கும்போது சமநிலையில் இருப்பதாகத் தோன்றும் சக்கரம், சுழலும்போது மட்டும் இடவலமாகத் தள்ளாடும். இது இயக்கச் சமநிலைக் குறை. ஸ்டீயரிங்கை இருபுறமும் உதறச் செய்வதில் இரண்டாம் வகைக்குப் பெரும் பங்கு உண்டு. சக்கரத்தின் இரு பக்கங்களையும் தனித்தனியே அளக்காத பேலன்சிங் பாதி வேலையாகவே நின்றுவிடுவது இதனால்தான்.

டயர் கடையில் இந்த வேலை நடப்பதை அருகிருந்து கவனிப்பது பயன் தரும். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றையும், டயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களையும், பழைய எடைகளையும் முதலில் அகற்ற வேண்டும். பின்னர் சக்கரத்தை இயந்திரத்தின் தண்டில் செருகி, நடுத்துளைக்குள் கூம்பு வடிவ இரும்பை நுழைத்து இறுக்கிச் சுழற்றியதும், உள்விளிம்புக்கு ஒன்றும் வெளிவிளிம்புக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் கிராம் கணக்கில் திரையில் தோன்றுகின்றன. இரும்பு ரிம் என்றால் கொக்கியுள்ள எடையை விளிம்பில் தட்டிப் பொருத்தியும், அலாய் வீல் என்றால் ஒட்டும் எடையை உட்புறத்தில் அழுத்தியும், இரு எண்களும் சுழியாகும்வரை மீண்டும் சுழற்றுகின்றனர். இந்தச் சுழி மெய்யானதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சக்கரத்தைத் தளர்த்தி, தண்டின்மேல் அரைவட்டம் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்ற வேண்டும். அப்போதும் சுழியே வந்தால் வேலை சரி; 15, 20 கிராம் என்று காட்டினால், கூம்பு நடுத்துளையில் நேராக அமரவில்லை, முதலில் வந்த சுழி பொய் என்று பொருள். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இச்சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை.

வீல் அலைன்மெண்டை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அலைன்மெண்ட் முறைப்படுத்துகிறது. அது பிசகினால் கார் ஒருபுறம் இழுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். கோணப் பிசகு சுற்றுக்கு ஒருமுறை மாறிமாறி வருவதன்று. ஆதலால் சீரான நடுக்கத்துக்கு நேரடிக் காரணமாக அது இருப்பதில்லை.

பேலன்சிங் செய்தும் தீராதபோது

எடை சமமாக இருந்தும் வடிவம் சமமாக இல்லாத சக்கரம் நடுங்கவே செய்யும். பள்ளத்தில் மோதி ரிம் நெளிந்திருந்தாலோ, டயர் முழு வட்டமாக அமையாதிருந்தாலோ, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அச்சைச் சற்றே உயர்த்தி இறக்குகிறது. காரை ஜாக்கியில் உயர்த்தி, டயருக்கு அருகே அசையாத குச்சி ஒன்றை நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், இடைவெளி கூடிக் குறைவதைக் கண்ணாலேயே காணலாம்; அந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயப்பட இடமுண்டு. வடிவம் சரியாக இருந்தும், டயரின் உள்ளடுக்குகள் ஓரிடத்தில் கெட்டியாகவும் வேறிடத்தில் மென்மையாகவும் இருந்தால், பளுவின்கீழ் உருளும்போது மட்டும் அது மேடுபள்ளம் உள்ளதுபோல் நடந்துகொள்ளும். பளுவில்லாமல் சுழற்றும் சாதாரண இயந்திரம் இதைக் காட்டாது. உருளை ஒன்றால் டயரை அழுத்திக்கொண்டே அளக்கும் இயந்திரம் தேவை. டயரின் கெட்டியான பகுதியை ரிம்மின் தாழ்வான பகுதிக்கு நேரே வருமாறு திருப்பிப் பொருத்தி, ஒரு குறையால் மற்றொன்றை ஈடுசெய்யும் உத்தியும் நடைமுறையில் உண்டு. வாரக்கணக்கில் நின்ற காரின் டயர்களில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகி, ஓடிச் சூடேறியபின் தானாகச் சரியாவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

சக்கரம் ஹப்பில் மையமாக உட்காராமையும் ஒரு காரணம். பின்னர் வாங்கிப் பொருத்தப்பட்ட அலாய் வீல்களின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் இன்றிச் சக்கரம் ஒருபுறம் தள்ளி அமர்ந்துவிடுகிறது. இயந்திரத்தில் சுழியாக இருந்தது சாலையில் நடுங்குவதற்கு, கடைக்கும் காருக்கும் இடையில் மையம் மாறிப்போன இந்த நிலையே பலமுறை காரணமாகிறது.

நேரான சாலையில் நிலையான வேகத்தில் செல்லும்போதும், நடுக்கம் சில நொடிகள் வலுத்து, சில நொடிகள் மறைந்து, மீண்டும் வலுப்பது பலரையும் குழப்புவது. இரண்டு சக்கரங்களில் குறை இருந்து, அவற்றின் சுற்றளவு சற்றே வேறுபட்டால் இது நிகழும். சுற்றளவில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு, அதாவது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வேறுபாடு இருந்தால், ஒரு சக்கரம் நொடிக்கு 14.60 முறையும் மற்றது 14.67 முறையும் சுழலும். இரு உதறல்களும் ஒருசேர வரும்போது கூடியும், எதிரெதிராக வரும்போது கழிந்தும், சுமார் 14 நொடிக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் தோன்றும். இயற்பியலில் விம்மல் எனப்படும் இந்த நிகழ்வு தெரிந்தால், ஒரு சக்கரத்தை மட்டும் சரிசெய்து நிறுத்திவிடக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும்.

சக்கரத்துக்கு அப்பால்

அதிர்வு சாலை வேகத்தைச் சார்ந்ததா, எஞ்சின் வேகத்தைச் சார்ந்ததா என்று பிரித்தறிய, நடுங்கும் அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு இறங்கினால் போதும். சக்கரத்தின் சுழற்சி மாறாமல் எஞ்சினின் சுழற்சி மட்டும் உயர்கிறது. நடுக்கம் அப்படியே நீடித்தால் எஞ்சின் குற்றமற்றது, மாறினால் எஞ்சினையும் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களையும் பார்க்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கார் இடவலமாக உதறி, காலை எடுத்ததும் அடங்கினால், முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை இணைப்பு ஐயத்துக்கு உரியது. பலவற்றில் அந்த இணைப்புக்குள் மூன்று உருளைகள் பள்ளங்களில் ஓடுகின்றன; பள்ளம் தேய்ந்தால் சுற்றுக்கு மூன்று உதறல்கள் எழுவதால், 100 கிலோமீட்டரில் அதிர்வெண் சக்கரத்தினுடையதைப் போல மூன்று மடங்கு, ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸ் ஆகிறது. பின்சக்கர இயக்கமுள்ள வாகனங்களில் நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட், பின் அச்சின் பற்சக்கர விகிதத்துக்கு ஏற்பச் சக்கரத்தைவிட நான்கு மடங்கு அளவில் வேகமாகச் சுழல்கிறது. அதன் குறை உதறலாக இல்லாமல் தளத்தில் சிலிர்ப்பாகவும் உறுமலாகவும் வெளிப்படுகிறது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் உதறினால், பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வெப்பத்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் பெரும்பாலும் குறை, டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாததே. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடே உணரும் உதறலுக்குப் போதும். ஹப்பில் துரு இருந்தாலோ, வீல் நட்டுகள் ஒரே சீராக இறுக்கப்படாவிட்டாலோ டிஸ்க் சற்றுச் சாய்ந்து நின்று, பிரேக் மிதிக்காதபோதும் சுற்றுக்கு ஒருமுறை பேடைத் தொட்டு உரசி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிகிறது. துருவை நீக்காமல் போட்ட புதிய டிஸ்க்கும் அதே கதிக்கு ஆளாவது உறுதி. நட்டுகளை எதிரெதிர் வரிசையில், முறுக்குவிசை காட்டும் ஸ்பானரால், காரின் கையேடு கூறும் அளவுக்கு இறுக்கும் சிறு ஒழுங்கு இந்தச் செலவைத் தவிர்க்கிறது.

எண்ணிச் சொல்லும் கருவி

அதிர்வெண்ணை அளக்க விலையுயர்ந்த கருவி இனித் தேவையில்லை. எவ்வளவு சிக்கலான அசைவையும் எளிய சீரலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற கருத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் வளர்த்தெடுத்தார். அந்தப் பிரிப்பைக் கணினி விரைவாகச் செய்வதற்கான வழிமுறையை 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்டனர். இன்றைய கைப்பேசிக்குள் முடுக்கத்தை அளக்கும் நுண்ணுணரி இருப்பதால், அந்தக் கணக்கைச் செய்யும் செயலியை நிறுவி, உடன் வருபவர் கைப்பேசியைத் தளத்தில் அசையாமல் வைத்துப் பதிவு செய்தால், எந்த அதிர்வெண்ணில் அசைவு மிகுதி என்பது வரைபடத்தில் முகடாகத் தெரியும். நொடிக்கு நூறு முறை அளக்கும் உணரியால் 50 ஹெர்ட்ஸ் வரை நம்பகமாகக் காண முடியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 14.6இல் முகடு எழுந்தால் சக்கரத்தின் எடையோ வட்டமோ குறை. அதன் இருமடங்கான 29இல் எழுந்தால் சக்கரம் நீள்வட்டமாக நெளிந்திருக்க வாய்ப்பு. 44இல் எழுந்தால் டிரைவ் ஷாஃப்ட் இணைப்பு என்று வாசிக்கலாம்.

ஆய்வின் ஒழுங்கு

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ளதை நோக்கி நகரும் ஓர் ஒழுங்கு உருவாகிறது. எந்த வேகத்தில், எங்கே, எப்போது நடுங்குகிறது என்று குறித்துக்கொள்வதும், காற்றழுத்தத்தையும் நட்டுகளையும் சரிபார்ப்பதும், ரிம்மைக் கழுவுவதும் முதலில். முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றி, நடுக்கமும் ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறுகிறதா என்று காண்பது அடுத்து. அதன்பின் சரிபார்க்கப்பட்ட பேலன்சிங். அதற்கும் தீராவிட்டால் வட்ட அளவும் பளுவின்கீழ் சோதனையும். இறுதியாகவே பாகங்களை மாற்றுவது. ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்காவிட்டால், எது குணமாக்கியது என்று ஒருபோதும் தெரியாது.

இந்த நிதானத்துக்கு ஒரு விலக்கு உண்டு. முன்பு இல்லாத நடுக்கம் திடீரென்று தொடங்கினாலோ, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வளர்ந்தாலோ, டயரில் புடைப்பு தெரிந்தாலோ, அது ஆராய்வதற்குரிய அதிர்வு அன்று. டயரின் அடுக்குகள் பிரியத் தொடங்கியிருக்கலாம், நட்டுகள் கழன்றுகொண்டிருக்கலாம். வேகத்தை மெல்லக் குறைத்துப் பாதுகாப்பாக ஓரம்கட்டுவதே அப்போது செய்ய வேண்டியது.

மற்ற எல்லா நிலைகளிலும், ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் ஆலோசனை எதுவானாலும், அந்தப் பாகம் ஒரு நொடிக்கு எத்தனை முறை சுழல்கிறது, உணரப்படும் அதிர்வு அந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று கேட்கும் உரிமையும் கடமையும் கார் உரிமையாளருக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த மெக்கானிக் காரைச் சரியாகவே குணப்படுத்துவார். விடை கிடைக்காத இடத்தில் பணத்தைச் செலவிடும் முன் இன்னும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எண்ணுவதே அறிவுடைமை.